மார்பில் துடைத்தால் லெக் பக்கம்

ஏப்ரல் 16, கப்பலில்

பம்பாய்க் கரை மறைந்து மூன்று மணி நேரம் ஆகிறது. இந்திய அணியில் நாங்கள் பதினேழு பேர். பதினாறு பேர் இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடப் போகிறார்கள். பதினேழாவது ஆள் வேடிக்கை பார்க்கப் போகிறான். அவன் பெயர் ஆவுடையப்பன், ஊர் பாளையங்கோட்டை, வேலை இரண்டாவது கீப்பர்.

ஸ்டம்புக்குப் பின்னால் ஒருவர்தான் நிற்க முடியும். முதல் கீப்பருக்கு விரல் உடைந்தால்தான் எனக்கு ஆட்டம். ஆகவே தினமும் காலையில் அவருடைய விரல்களை நலம் விசாரிப்பதுதான் என் உத்தியோகம் என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவர் வசந்த்ராவ் ரேட்கர், பம்பாய்க்காரர். முப்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக அந்த இடத்தில் நிற்கிறார். இன்று மாலை அவரே என் அறைக்கு வந்து, வயிறு புரட்டினால் முகர்ந்து பார் என்று இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். விரல்களும் நன்றாகத்தான் இருந்தன.

மே 5, லண்டன்

குளிர். மூன்று ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கிறது. ஹோட்டலில் என்னோடு ஒரே அறையில் ஏகாம்பரம். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், எங்கள் வேகப்பந்து வீச்சாளர். அணியில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பேசுவது தமிழா என்று எனக்கும், நான் பேசுவது தமிழா என்று அவனுக்கும் சந்தேகம் உண்டு.

ஊரிலிருந்து ஒரு ஸ்பிரிட் அடுப்பும் டீத்தூளும் கொண்டுவந்திருக்கிறான். காலையில் எழுந்ததும் இரண்டு தம்ளர் டீ போட்டு ஒன்றை என் கட்டில் பக்கம் வைக்கிறான். சர்க்கரை இங்கே இன்னும் ரேஷன். அவன் பங்கையும் எனக்கே போடுகிறான்.

மே 6

உருளைக்கிழங்கு. அவித்தது.

மே 7

உருளைக்கிழங்கு. மசித்தது.

மே 14

நெட் பயிற்சி. வசந்த்ராவுக்கு ஓய்வு, அதனால் ஏகாம்பரத்தின் பந்துகளை நான் பிடித்தேன். உள்ளங்கை வெந்துவிட்டது. கையுறைக்குள் ஒரு துண்டு பச்சை மாட்டிறைச்சி வைத்துக்கொண்டால் வலிக்காது, இங்கே எல்லா கீப்பரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் வசந்த்ராவ். பாளையங்கோட்டையில் என் அப்பாவுக்கு இது தெரிந்தால் என்னைத் தலைமுழுகிவிடுவார். ஃபிளானல் துணியை நனைத்து மடித்து வைத்துக்கொண்டேன். வலிக்கத்தான் செய்கிறது.

ஏகாம்பரத்திடம் இரண்டு பந்து இருக்கிறது. ஒன்று வெளியே போகும். இன்னொன்று கடைசி நேரத்தில் திடுமென்று உள்ளே வளைந்து ஆட்டக்காரரின் கால் பக்கம், அதாவது லெக் பக்கம் போகும். இது அவனுடைய பிரம்மாஸ்திரம். கீப்பருக்கும் அதுதான் கஷ்டம், ஏனென்றால் ஆட்டக்காரரின் உடம்பு பந்தை மறைத்துவிடும். முன்கூட்டியே நகர்ந்தால்தான் பிடிக்கலாம். அதற்காக ஒரு ஜாடை வைத்திருக்கிறோம். ஓடிவரத் திரும்புமுன் அவன் கையைக் கால்சட்டையில் துடைத்தால் வெளியே போகும் பந்து. மார்பில் துடைத்தால் லெக் பக்கம். வசந்த்ராவுக்கும் இதே ஜாடைதான்.

ஜூன் 9

முதல் டெஸ்ட் தோற்றோம். இன்னிங்ஸ் தோல்வி. பத்திரிகைகள் சிரிக்கின்றன.

ஏகாம்பரத்துக்கு விக்கெட் இல்லை. இரண்டு முறை மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் போனது. இரண்டையும் வசந்த்ராவ் விட்டார். விட்டார் என்பதுகூடச் சரியில்லை. பந்து போன பிறகுதான் நகர்ந்தார். இரண்டும் லெக் பக்கம் போன பந்துகள்.

பெவிலியனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் ஏகாம்பரம் மார்பில் துடைத்தான். எனக்கே தெரிந்தது. ஸ்டம்புக்குப் பின்னால் நேராக நிற்கிறவருக்கு ஏன் தெரியவில்லை?

ஜூன் 12

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. (உருளைக்கிழங்கு இறங்காது.) இன்றைய கவுண்டி ஆட்டம் முழுக்க வசந்த்ராவை மட்டுமே பார்த்தேன்.

சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது ஒரு பிழை இல்லை. மின்னல் மாதிரி கை. ஒரு ஸ்டம்பிங் செய்தார், இங்கிலீஷ்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேகப்பந்துக்கு இருபது அடி பின்னால் போய் நின்றதும் வேறு மனுஷராகிவிடுகிறார். வயசாகிறது என்றால் கிட்டே நிற்கும்போதுதான் தடுமாற வேண்டும். கிட்டே சரி, தூரத்தில் தப்பு. இது என்ன கணக்கு?

ஜூன் 17, ரயிலில்

கண்டுபிடித்துவிட்டேன்.

நாட்டிங்ஹாம் போகும் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஆள் உயரத்துக்குப் பெயர்ப் பலகை: லெஸ்டர். வசந்த்ராவ் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே, "இது எந்த ஊர்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. "டெர்பி" என்றேன்.

"ஓ, டெர்பியா. இங்கே ஒரு தடவை ஆடியிருக்கிறேன்" என்றார். பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கை தவறில்லை, கால் தவறில்லை. கண். இருபது அடி தாண்டினால் அவருக்கு எல்லாம் மங்கல். ஏகாம்பரம் நாற்பது கஜம் தள்ளி நின்று மார்பில் துடைப்பது அவருக்கு எப்படித் தெரியும்? கண்டுபிடித்த சந்தோஷத்தில் அரை மணி நேரம் மிதந்தேன். அப்புறம் அவர் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து எனக்குக் கொடுத்தார். எனக்கே என் மேல் அசிங்கமாக இருந்தது.

ஜூன் 18

ஏகாம்பரத்திடம் சொல்லலாம் என்று இருந்தேன். துணி நிறையச் சேர்ந்துவிட்டது. குளியலறைத் தொட்டியில் போட்டுத் துவைத்துக் காயவைப்பதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

ஜூன் 20

தீர்வுகூட எளிது. துடைப்பதற்குப் பதில் ஏகாம்பரம் இரண்டு தடவை கையைத் தட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குக் கேட்கும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை, வசந்த்ராவின் மானமும் போகாது. நாளை சொல்ல வேண்டும்.

ஜூன் 21

மழை. பில்லியர்ட்ஸ் ஆடினோம்.

ஜூன் 28

இரண்டாவது டெஸ்டும் போயிற்று. ஏகாம்பரத்தின் பந்தில் மூன்று கேட்ச் விட்டார். மூன்றும் மார்பில் துடைத்தவை. நான் எண்ணினேன். இரண்டு டெஸ்ட், அறுபத்து நாலு ஓவர், விக்கெட் பூஜ்யம்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஏகாம்பரம் எதையும் தொடவில்லை. "டெஸ்ட்டுல ஒரு விக்கெட்டுகூட இல்லாம ஊருக்குப் போனா ஒர்க்‌ஷாப்புல எப்டிப்பா தலை காட்றது? சென்ட்ரல்ல மால போட்டு அனுப்ச்சானுங்க. ஒண்ணு. ஒரே ஒண்ணு போதும்" என்றான்.

"வரும், கவலைப்படாத" என்றேன்.

களைப்பாக இருந்தான். இன்று சொல்லி அவன் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 29

வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாவது டெஸ்டில் நான் ஆடக்கூடும் என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. கையுறைகளுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூலை 3

ஐந்து கேட்ச் விட்ட கீப்பரை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது என்று ஒரு லண்டன் பத்திரிகை எழுதியிருக்கிறது. இரண்டு தடவை படித்தேன்.

ஜூலை 8, மான்செஸ்டர்

மூன்றாவது டெஸ்டுக்கான பட்டியலை ஹோட்டல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே படித்தேன். வசந்த்ராவ் ரேட்கர் இருக்கிறார். ஏகாம்பரம் இல்லை.

மேனேஜர் கர்னல் பருச்சாவிடம் போய், ஏன் என்று கேட்டேன். பட்டாளத்துக்காரர், யாரும் அவரிடம் ஏன் என்று கேட்பதில்லை. "வசந்த்ராவ் பதினோரு வருஷமாக நாட்டுக்கு ஆடுகிறார். அவர் கையிலேயே நிற்காத பந்து என்றால் கோளாறு பந்தில்தான். அந்தப் பையன் கண்டபடி வீசுகிறான்" என்றார்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் அணியில் பெரியவர் தவறு செய்தால் சின்னவனைத்தான் உட்கார வைப்பார்கள். கப்பலில் கட்டில் ஒதுக்கியதிலிருந்து எல்லாம் அப்படித்தான். எல்லாவற்றையும் நோட்டம் விடுகிற எனக்கு இது மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஜூலை 9

ஏகாம்பரமும் நானும் தண்ணீர் தூக்கினோம்.

ஜூலை 12

மூன்றாவது டெஸ்ட் முடிந்துவிட்டது. முடிவை எழுதப் போவதில்லை.

காலை ஐந்தரை மணிக்கு விழித்தபோது ஏகாம்பரத்தின் கட்டில் காலி. ஹோட்டலுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் ஒரு மரத்தைக் குறி வைத்துப் பந்து வீசிக்கொண்டிருந்தான். புல் முழுக்கப் பனி. கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஓடிவரும் விதத்தையே மாற்றியிருந்தான்.

"என்னவே பண்ணுத இங்க?" என்றேன்.

"அந்த உள்ள வர்ற பந்த வுட்டுர்லாம்னு கீறேன்ப்பா. பெருசு கைக்கு அது செட் ஆவல. அவர சொல்லி இன்னா பண்றது, நாம வீசறதுதான் கோணலா கீதோ இன்னாவோ. நேரா போட்டுப் பழகிக்கலாம். அப்பவாச்சும் சேத்துக்குவாங்கல்ல."

பிரம்மாஸ்திரத்தை அவனே உடைத்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஏகாம்பரம், உம் பந்துல ஒரு கோளாறும் கிடையாது. அவருக்குக் கண்ணு தெரியல. நீ தொடைக்கது அவருக்குத் தெரியாது."

"உனுக்கு யாரு சொன்னா?"

"நானே பாத்துக்கிட்டேன். ரெண்டாவது டெஸ்டுக்கு முந்தியே."

கையிலிருந்த பந்தை உருட்டினான். "எத்தினி நாளா?" என்றான்.

"இருபத்தஞ்சு நாளா."

"தெனம் காலீல டீ குட்ச்சியேப்பா என் கையால" என்றான். அவ்வளவுதான். பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இதுவரை எழுதியதை எல்லாம் திருப்பிப் படித்தேன். துணி துவைத்தேன், மழை பெய்தது, அவன் களைப்பாக இருந்தான். எல்லாம் நிஜம்தான். ஆனால் நான் சொல்லாமல் இருந்ததற்கு அவை காரணமில்லை. வசந்த்ராவ் இன்னும் இரண்டு கேட்ச் விட்டால் அந்த இடம் எனக்கு வரும் என்று காத்திருந்தேன். இதுதான் காரணம். எழுதிவிட்டேன்.

ஜூலை 13

இன்று ஒரு தம்ளர் டீ மட்டும் போட்டான்.

ஜூலை 14

வசந்த்ராவின் அறைக்குப் போனேன். ரயில் ஸ்டேஷனில் பொய் சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். நான் முடித்ததும் அவர் கேட்டார்.

"உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்?"

"ஒரு மாசம்."

"எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்" என்றார். ஒரு டாக்டரிடம் காட்டினாராம், கண்ணில் ஏதோ படர்கிறது என்றாராம். கண்ணாடி போட்டாலும் பெரிதாகப் பயனில்லை. இந்தச் சுற்றுப்பயணம் முடியட்டும், வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றார். "ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும்தான் எனக்கு நான் யார் என்று தெரிகிறது, ஆவுடை."

கைதட்டும் யோசனையைச் சொன்னேன். ஒரு மாசம் கழித்து. அவர் சிரித்தார். "தட்டினால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரியும். பந்து எங்கே வருகிறது என்று யார் தட்டிச் சொல்வார்கள்?"

பதினோரு வருஷமாக அவர் நிற்கும் இடத்தை நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அவரும் தருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 20, லீட்ஸ்

பயிற்சியில் வசந்த்ராவ் திடீரென்று கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். சுண்டுவிரல் பிசகிவிட்டதாம். தானே கட்டுப் போட்டுக்கொண்டார். டாக்டர் வேண்டாம் என்றார். நான் நெட்டில்தான் இருந்தேன், அவர் விரலில் எந்தப் பந்தும் படவில்லை. கப்பலில் எல்லோரும் செய்த கேலி ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

மாலையில் கர்னல் பருச்சாவிடம் அரை மணி நேரம் பேசினார். நான்காவது டெஸ்டுக்கு நான் கீப்பர். இன்னொரு பந்து வீச்சாளருக்குத் தொடை பிடித்துக்கொண்டதால் ஏகாம்பரமும் உள்ளே. இதுவே கடைசி வாய்ப்பு, விக்கெட் எடுக்காவிட்டால் ஊர் போகும்வரை தண்ணீர்தான் தூக்க வேண்டும் என்று அவனிடம் கர்னல் சொல்லியிருக்கிறார்.

ஏகாம்பரத்திடம் கை குலுக்கப் போனேன். ஷூ லேஸ் கட்டக் குனிந்துகொண்டான்.

ஜூலை 23

நாட்டுக்காக ஆடிய முதல் நாள். இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஏகாம்பரம் இன்று பதினாலு ஓவர் வீசினான். ஒரு தடவைகூடக் கையைத் துடைக்கவில்லை. கால்சட்டையிலும் இல்லை, மார்பிலும் இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துவிட்டு ஓடிவந்தான். உள்ளே வரும் பந்துகளில் நான்கு என்னைக் கடந்து எல்லைக் கோட்டுக்குப் போய்விட்டன. ஒன்று விளிம்பில் பட்ட மாதிரி இருந்தது. வசந்த்ராவ் ஸ்டம்புக்குப் பின்னால் எப்படி நின்றிருப்பார் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எங்கே போகிறது என்று தெரியாத பந்துக்காக ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பது.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. இருபத்தைந்து நாள் நான் ஜாடை காட்டவில்லை. அவன் ஒரு நாள் காட்டவில்லை.

தேநீர் இடைவேளையில் வசந்த்ராவ் கட்டுப் போட்ட விரலோடு ஏகாம்பரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு மராத்தி தெரியாது. அரைகுறை இந்தியில் ரொம்ப நேரம் பேசினார்கள். நடுவில் ஏகாம்பரம் அவருடைய விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு நாளாக இருந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் போய்க் காதைத் தீட்டியிருப்பேன். இன்று இருந்த இடத்திலேயே இருந்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

ஜூலை 24

இதை மைதானத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். வண்டி குலுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

காலை முதல் நான்கு ஓவர் நேற்று மாதிரியே. ஐந்தாவது ஓவரில் அவன் ஓடிவரும் இடத்துக்குப் போய் நின்றான். என்னைப் பார்த்தான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு பார்த்தான். பிறகு வலது கையை எடுத்து, அவசரமில்லாமல், மார்பில் துடைத்தான்.

பந்து அவன் கையை விட்டதுமே இரண்டடி லெக் பக்கம் நகர்ந்தேன். அந்தப் பந்து நான் பார்த்ததிலேயே அழகான பந்து. கடைசி நேரத்தில் வளைந்தது, உள்விளிம்பில் உரசியது, நேராக என் கைக்கு வந்தது. நெஞ்சு உயரம். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் பையன் பிடிப்பான்.

விட்டுவிட்டேன்.

கையுறையில் பட்டது, எகிறியது, பாய்ந்தேன், புல்லில் விழுந்தது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவன். ஜாடையைப் பார்த்தவன். சரியான இடத்தில் நின்றவன். எந்தச் சாக்கும் இல்லை. மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. நான் உடனே எழுந்திருக்கவில்லை. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பெவிலியன் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஏகாம்பரம் பிட்ச் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றான். திரும்பி நடந்தான். ஓடிவரும் இடத்துக்குப் போனான். இனி ஜாடை காட்ட மாட்டான் என்றே நினைத்தேன்.

மறுபடி மார்பில் துடைத்தான்.

நகர்ந்தேன். அதே பந்து, இன்னும் கொஞ்சம் வேகம். ஆட்டக்காரர் மட்டையை இறக்குவதற்குள் அடியில் புகுந்து நடு ஸ்டம்பைப் பிடுங்கியது. ஸ்டம்ப் இரண்டு கரணம் போட்டு என் காலடியில் வந்து விழுந்தது. கீப்பர் தேவைப்படவில்லை. வசந்த்ராவும் வேண்டாம், நானும் வேண்டாம்.

எல்லோரும் அவனைச் சூழ ஓடினார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கியது. குனிந்து ஸ்டம்பை எடுத்தான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினான்.

"இந்தா. இத்தயாச்சும் கீய போடாம புடி."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்பயர் வந்து இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.